முந்நூறு அட்டவணைக்கு ஒரே குழாய்

விடிவதற்கு முன்பே மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் நிரம்பத் தொடங்கிவிடும். தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊருக்கு இந்த ரயில்தான் ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் குழி. காலையில் ஆளை இறக்கிவிட்டு, இரவு மேலே கொண்டுவந்து விடும். ஒருநாள் எதிர் சீட்டில் இருந்த பெரியவர் கேட்டார்: "என்ன வேலை தம்பி உனக்கு?"

"டேட்டா பைப்லைன் போடறேன் மாமா."

"பைப்லைனா? எந்த ஊருக்குத் தண்ணி?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் வந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊரில் அது நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்த்தால், என் வேலையில் எது கடினம் என்பதையும் அவர் கேள்வியே தொட்டுவிட்டது. குழாய் போடுவது பெரிய காரியமில்லை. எந்த ஊருக்கு, எவ்வளவு, எப்போது திறப்பது, யார் வீட்டு வாசலில் எந்த அளவு வாய் என்ற கணக்கை எங்கே எழுதி வைப்பது என்பதுதான் காரியம். மீண்டும் மீண்டும் பயன்படும் டேட்டா பைப்லைன் பிறந்த கதை, அந்தக் கணக்கு இடம் மாறிய கதை.

முதலில் சிக்கல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு வங்கியோ மருத்துவமனையோ தன் விவரங்களை டேபிள்களில், அதாவது அட்டவணைகளில் வைத்திருக்கிறது. நம் பள்ளி வருகைப் பதிவேடு போன்றதுதான். குறுக்கே ஓடுவது வரி, நெடுக்கே இறங்குவது பத்தி. வாடிக்கையாளருக்கு ஒரு டேபிள், கணக்குக்கு ஒன்று, வரவு செலவுக்கு ஒன்று என்று நடுத்தர நிறுவனத்திலேயே சில நூறு டேபிள்கள் சேர்ந்துவிடும். கவுன்டரில் ஆள் நிற்கும்போது அதே டேபிள்களைக் குடைந்து ஐந்து வருட அறிக்கை எடுக்கப் போனால் கவுன்டர் நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரு பிரதியாக வேறிடத்துக்குக் கொண்டுபோய், அங்கே வைத்து ஆராய வேண்டும். 1988இல் ஐபிஎம்மைச் சேர்ந்த பேரி டெவ்லினும் பால் மர்ஃபியும் இப்படிப்பட்ட தரவுக் கிடங்குக்கு ஒரு கட்டமைப்பை வகுத்துக் கட்டுரை எழுதினார்கள். கிடங்கு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குச் சரக்கு ஏற்றிப் போகும் வழியும் வேண்டுமே. எடு, திருத்து, ஏற்று என்ற மூன்று வேலைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை இ.டி.எல். என்றார்கள்.

முந்நூறு டேபிள் என்றால் முந்நூறு புரோகிராம் எழுதுவதுதான் முதலில் யாருக்கும் தோன்றும் வழி. நானும் அப்படி எழுதியவன்தான். முதல் டேபிளுக்கு யோசித்து எழுதுவோம். இரண்டாவதற்கு அதை நகலெடுத்துப் பெயரை மாற்றுவோம். நாற்பதாவதில் பெயரை மாற்ற மறந்துவிடுவோம். ஒரு பிழை தெரிந்தால் அதை முந்நூறு இடத்தில் தேடித் திருத்த வேண்டும். இருநூற்றுத் தொண்ணூற்று ஆறில் திருத்தி நான்கில் விட்டுவிடுவோம். அந்த நான்கு, மாதக் கடைசியில் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடும்.

எங்கள் ஊரின் பழைய கதை ஒன்று இதே தவிப்புதான். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்தது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் பெருகின. ஆளையும் கல்லையும் மேலே இழுக்க, நீரை இறைக்க, கல்லை இடிக்க என்று எல்லாவற்றுக்கும் நீராவிதான். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனிக் கொதிகலன், தனி எரிபொருள், அதைக் கவனிக்கத் தனி ஆட்கள். சுற்றுக்காட்டு விறகும் ரயிலில் வந்த நிலக்கரியும் அடுப்பு அடுப்பாகக் கரைந்தன. புதிதாக ஒரு ஷாஃப்ட் தோண்டினால் அதற்கும் புதிதாக ஓர் அடுப்பு. நகலெடுத்துப் பெயரை மாற்றும் வேலை இது.

மாற்று வழி காவிரியிலிருந்து வந்தது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், ஜோலி டி லாட்பினியர் என்ற பொறியாளரின் திட்டப்படி சிவசமுத்திர அருவியில் மின்நிலையம் எழுந்தது. அங்கிருந்து தங்கவயல் 92 மைல், ஏறத்தாழ 148 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு உயர் அழுத்தக் கம்பியில் மின்சாரம் கொண்டுவருவது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. 1902 ஜூன் 30 அன்று மின்சாரம் வந்து சேர்ந்தது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்ததே 1905இல்தான். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் பெங்களூரை விட சுரங்கம் மூன்று வருடம் முந்திக்கொண்டது.

இதில் கம்பியின் நீளத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வியப்பு வேறிடத்தில். அந்த மின்சாரம் தான் எதை ஓட்டப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டு வரவில்லை. வரும் வழி ஒன்று, அழுத்தம் ஒன்று. ஊருக்குள் வந்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரில் அழுத்தத்தைக் குறைத்து, இன்ன மோட்டாருக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார்கள். வேறுபாடுகள் எல்லாம் கடைசி முனைக்கு ஒதுங்கிவிட்டன. புது ஷாஃப்டுக்குப் புது அருவி தேவைப்படவில்லை. ஓர் இணைப்பு கூடினால் போதும்.

தரவு உலகம் இதே இடத்துக்கு வந்து சேரப் பல படிகள் ஏற வேண்டியிருந்தது. முதல் படி 1890. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹோலரித் துளை அட்டைகளை எண்ணும் இயந்திரம் செய்தார். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. எங்கே துளை இருக்கிறதோ அது வயது, தொழில், பிறந்த இடம். ஆனால் அந்த இயந்திரத்தின் கம்பிகள் அந்தக் கணக்கெடுப்பு அட்டைக்கென்றே முடுக்கப்பட்டவை. ரயில்வே சரக்குக் கணக்கை அதில் போட வேண்டுமானால் உள்ளே பிரித்து மறுபடி கம்பி கட்ட வேண்டும். 1906இல் வந்த அவருடைய இன்னோர் இயந்திரத்தில் இணைப்புகளை மாற்றுவதற்கென்றே ஒரு பலகை இருந்தது. பின்னாளில் அந்தப் பலகையைக் கழற்றி மாட்டவும் வழி வந்தது. சம்பளக் கணக்குக்கு ஒரு பலகை, சரக்குக் கணக்குக்கு ஒரு பலகை, இயந்திரம் அதேதான். வேலையின் வேறுபாடு இயந்திரத்தின் வயிற்றிலிருந்து வெளியே வந்து ஒரு பலகையில் உட்கார்ந்த நாள் அது. நம் கதையின் முதல் குழந்தை அங்கேதான் அழுதது என்பேன்.

இரண்டாவது படி, குழாய் என்ற சொல்லே பிறந்த இடம். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் 1964இல் தட்டச்சிட்ட குறிப்பு ஒன்றில், தோட்டத்து ரப்பர் குழாயைத் துண்டு துண்டாகத் திருகிச் சேர்ப்பதுபோல் புரோகிராம்களையும் சேர்க்க வழி வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தார். அந்த ஆசை நிறைவேற ஒன்பது வருடம் ஆனது. 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸில் அதைச் செய்துகொடுத்தார். ஒரு புரோகிராமின் வெளியீட்டை அடுத்ததன் வாயில் ஊற்ற, நடுவில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு போதும். குழாய்த்துண்டுகள் சேர்வதற்குக் காரணம் ரப்பரின் தரம் இல்லை, முனையில் வெட்டிய மரை ஒரே அளவில் இருப்பதுதான். யூனிக்ஸில் அந்த மரை, வரி வரியாக ஓடும் வெறும் எழுத்து.

மூன்றாவது படியைப் பலர் கவனிப்பதில்லை. 1970இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் எட்கர் காட், தரவை எல்லாம் அட்டவணைகளாகவே பார்க்கலாம் என்று எழுதினார். இன்று உலகமே அந்த அட்டவணையில்தான் ஓடுகிறது. 1985இல், எதை உண்மையான அட்டவணைத் தரவுத்தளம் என்று சொல்லலாம் என்பதற்கு அவர் விதிகள் வகுத்தார். அவற்றில் நான்காவது விதி என் தொழிலுக்கு வேதம். தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரத்தையும் அட்டவணையாகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. என்னிடம் எத்தனை டேபிள், ஒவ்வொன்றிலும் என்னென்ன பத்தி, எது எண், எது தேதி என்பதை, வாடிக்கையாளர் பெயரைக் கேட்பதுபோலவே கேட்டு வாங்கலாம். தரவுத்தளத்திடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் 1992 தரநிலையில் இதற்கென்று ஒரு பொதுப்பெயரே வந்துவிட்டது.

இதன் பொருள் என்ன? அதுவரை முந்நூறு டேபிளின் விவரமும் புரோகிராமர் தலைக்குள் இருந்தது. இப்போது அதை டேபிளிடமே கேட்கலாம். கேட்க முடிந்தால் முந்நூறு புரோகிராம் எதற்கு?

ஆனாலும் அந்த எண்ணம் பழக்கத்துக்கு வர நாளானது. 1993இல் கௌரவ் தில்லானும் டயஸ் நேசமணியும் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இன்ஃபர்மாட்டிகா போன்ற நிறுவனங்கள், கோட் எழுதாமல் பெட்டிகளை இழுத்துக் கோடு போட்டு இணைக்கும் கருவிகளைக் கொடுத்தன. இந்தப் பத்தி அங்கே, அந்தப் பத்தி இங்கே என்று திரையில் கோடு. எழுதுவதைவிட வரைவது சுலபம்தான். ஆனால் டேபிளுக்கு ஒரு படமாக முந்நூறு படம் வரைந்தவர்கள் ஏராளம். நகலெடுப்பு கையிலிருந்து மவுஸுக்கு மாறியது, அவ்வளவே. 2009இல், பெருந்தரவைக் கையாளும் ஹடூப் உலகத்துக்கு வந்த ஸ்கூப் என்ற கருவி, ஒரே கட்டளையில் ஒரு தரவுத்தளத்தின் எல்லா டேபிள்களையும் அள்ளிக்கொண்டு வந்தது. காட் சொன்ன அந்த விவரப் பட்டியலைத்தான் அது படித்தது. 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மாக்சிம் போஷமன் தொடங்கிய ஏர்ஃப்ளோவில் வேலைகளின் வரிசையையே பைதான் மொழியில் புரோகிராமாக எழுதலாம். புரோகிராம் என்றால் அதில் சுற்று போடலாம். பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு குழாய் உண்டாக்கு என்று நான்கு வரியில் சொல்லிவிடலாம்.

இன்று நாங்கள் செய்வது இதுதான். முதலில் ஒரு கட்டுப்பாட்டு அட்டவணை. அதில் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு வரி. எந்தத் தரவுத்தளத்திலிருந்து, எந்த டேபிள், அடையாளப் பத்தி எது, முழுவதும் எடுப்பதா புதியதை மட்டுமா, புதியது என்று எந்தத் தேதிப் பத்தியை வைத்துச் சொல்வது, போன முறை எதுவரை எடுத்தோம், எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது, இப்போது ஓடட்டுமா நிற்கட்டுமா என்று அந்த வரி சொல்லும். குழாய் ஒன்றே ஒன்று. அது பட்டியலைப் படித்து ஓடும். முந்நூற்று ஒன்றாவது டேபிள் வந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும். புரோகிராமில் கை வைக்க வேண்டியதில்லை.

கேட்கச் சுலபம். வலி நுணுக்கத்தில் இருக்கிறது. போன முறை எதுவரை எடுத்தோம் என்பதை ஏரிக்கரைக் கல்லில் கீறிய நீர்மட்டக் கோடுபோல் குறித்து வைக்கிறோம். அந்தக் கோட்டுக்கு மேலே வந்ததை மட்டும் அடுத்த முறை அள்ளுவோம். ஆனால் மூலத்தில் ஒரு வரியை அழித்துவிட்டால்? அழிந்ததற்கு ஏது தேதி? நம் பிரதியில் செத்தவர் உயிரோடு இருப்பார். அப்படிப்பட்ட டேபிள்களுக்குத் தரவுத்தளம் தனக்காக எழுதி வைக்கும் நாட்குறிப்பைப் படித்து மாற்றங்களை எடுக்க வேண்டும்.

பாதியில் மின்சாரம் போய் மறுபடி ஓட்டினால் பாதி வரி இரண்டு முறை ஏறிவிடக் கூடாது. அதனால் நேராக வீட்டுக்குள் கொண்டுபோகாமல் முதலில் திண்ணையில் இறக்குவோம். பிறகு அடையாளத்தைப் பார்த்து, இருப்பதைப் புதுப்பித்து இல்லாததைச் சேர்ப்போம். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விளைவு வர வேண்டும். ஒரு டேபிள் தடுக்கி விழுந்தால் மற்ற இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பதும் நிற்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் மூலம் மூச்சுத் திணறும். நான்கு நான்காகவோ எட்டு எட்டாகவோ விட வேண்டும். கடைசியில் அங்கே எத்தனை வரி, இங்கே எத்தனை வரி, தொகை கூட்டினால் இரண்டும் ஒன்றா என்று எண்ணிப் பார்க்காமல் பூட்டைப் போடக் கூடாது.

எங்கள் மொழிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. யூனிக்கோடு பரவுவதற்கு முன் தமிழ் விவரங்கள் டாம், டாப், டிஸ்கி என்று பல குறியாக்கங்களில் சேமிக்கப்பட்டன. டாமும் டாபும் 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டவை. அந்தப் பழைய டேபிளை அப்படியே குழாயில் விட்டால் மறுமுனையில் முனுசாமி கோழிக்கிறுக்கலாக வந்து விழுவார். பட்டியலில் 'குறியாக்கம்' என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டால் குழாயே அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளும். ஆனால் தங்கவயல் பதிவேடு எதை எடுத்தாலும் அதே முனுசாமி ஓரிடத்தில் முனிசாமி, ஓரிடத்தில் முனிஸ்வாமி. அதை எந்தக் குழாயும் தானாகத் தீர்க்காது.

இந்த ஒரே குழாய் முறை பெரிய அளவில் எப்படி நடந்தது என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். நிலப் பதிவேடுகளைக் கணினிக்குக் கொண்டுவந்த கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் கண்முன் இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டா, அடங்கல் என்று சொல்வதற்கு இங்கே பஹணி. ஏறக்குறைய 9,000 கிராமக் கணக்கர்கள் கையெழுத்தில் வைத்திருந்த பதிவேடுகளிலிருந்து, 67 லட்சம் நில உடைமையாளர்களின் சுமார் 2 கோடி பஹணிகளைக் கணினியில் ஏற்றினார்கள். ராஜீவ் சாவ்லா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னின்று நடத்தினார், மென்பொருள் மத்திய அரசின் கணினி அமைப்பான என்.ஐ.சி.யுடையது. 2002 வாக்கில் 177 தாலுகாக்களிலும் 15 ரூபாய் கொடுத்தால் அச்சிட்ட பஹணி கையில் கிடைத்தது. அப்போது தங்கவயலைத் தன்னுள் வைத்திருந்த பங்காருபேட்டை தாலுகாவும் அதில் ஒன்று.

177 தாலுகாவுக்கு 177 மென்பொருள் எழுதவில்லை என்பதே இதன் சூட்சுமம். பஹணியின் பத்திகள் மாநிலம் முழுக்க ஒன்றே. உடையவர் பெயர் எந்தப் பத்தி, கடன் சுமை எந்தப் பத்தி என்பது கணினி வருவதற்கு முன்பே காகிதத்தில் முடிவாகியிருந்தது. மரை முன்பே ஒரே அளவில் வெட்டியிருந்ததால் குழாய் பொருந்தியது.

பொருந்தியதன் விலையும் உண்டு. காகிதத்தில் இருந்த தப்பும் அப்படியே ஏறியது. முன்பு கணக்கரின் நோட்டில் பென்சிலில் இருந்த சந்தேகம், அச்சில் வந்த பிறகு சத்தியமாகிவிட்டது. கிராமத்தோடு முடிந்த பேச்சுவார்த்தை தாலுகா கவுன்டருக்கு நகர்ந்ததில் சிறு விவசாயி பின்தங்கி, பெங்களூரைச் சுற்றிப் பெரிய கைகள் முன்னேறின என்று 2007இல் ஓர் ஆய்வு வாதிட்டது. முழுவதும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், குழாய் போடுகிறவன் அந்த வாதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். ஒரு புரோகிராமில் பிழை என்றால் ஒரு டேபிள் கெடும். பொதுக் குழாயில் பிழை என்றால் முந்நூறும் ஒரே இரவில், ஒரே அழகோடு கெடும்.

எங்கள் ஊருக்கு இது கண்ணால் பார்த்த பாடம். தொழிலாளிகளுக்குக் கம்பெனி போட்ட லைன் வீடுகளும் ஒருவகையில் ஒரே வரைபடத்தின் நகல்கள்தான். ஒரே அளவு, ஒரே வரிசை, கதவில் ஓர் எண். வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பமானாலும் வேறெங்கிருந்து வந்ததானாலும், இரண்டு பேரானாலும் ஒன்பது பேரானாலும் அதே அறை. வரைந்தவருக்கு அது சிக்கனம். உள்ளே படுத்தவருக்குத்தான் தெரியும், தன் குடும்பத்தின் வேறுபாட்டை எழுத அந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபோதும் அந்த லைன்களில் ஆட்கள் இருந்தார்கள். இன்றும் அங்கிருந்துதான் பலர் இந்த ரயிலுக்கு ஓடிவருகிறார்கள்.

அதனால் என் கட்டுப்பாட்டு அட்டவணையில் கடைசியாக ஒரு பத்தி வைத்திருக்கிறேன். குழாய் அதைப் படிப்பதில்லை, மனிதர் படிப்பதற்கு. பெயர் 'குறிப்பு'. இந்த டேபிளில் தேதிப் பத்தியை நம்பாதே, கிளைக்காரர்கள் முன்தேதியிட்டு எழுதுகிறார்கள். இதை மாதம் ஒருமுறை முழுவதும் எடு, காரணம் இன்னாரைக் கேள். இதைப் பொதுக் குழாயில் விடாதே, தனி வழி போட்டிருக்கிறது. முந்நூறில் ஐந்தாறு டேபிள் எப்போதும் இப்படி முரண்டு பிடிக்கும். அவற்றுக்காகக் குழாயை வளைத்தால் மற்றவை கெடும். குழாய்க்காக அவற்றை நசுக்கினால் அவை பொய் சொல்லும்.

பங்காருபேட்டை தாண்டியதும் அந்தப் பெரியவர் தூக்கத்திலிருந்து விழித்துக் கேட்டார்: "அந்தப் பைப்லைன்ல அடைப்பு வந்தா யாரு தம்பி பார்ப்பாங்க?"

"நான்தான் மாமா."

"ஒத்தை ஆளா? எங்கே என்ன வால்வுன்னு எழுதி வெச்சுட்டுப் போ. எங்க காலத்துல தெரிஞ்சவன் ரிடையர் ஆயிட்டான்னா, அடுத்தவன் ரோட்டையே தோண்டுவான்."

அன்று ஆபீஸ் போனதும் முதல் வேலையாக, காலியாகக் கிடந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்ப உட்கார்ந்தேன்.